தீம் பார்க் போனோம்... டயட் போச்சு!

கோடை லீவு, குடும்பத்தோடு ஒரு நாள், கை நிறைய ஐஸ்கிரீம். திரும்பி வந்து எடை பார்க்கும் மெஷினில் ஏறினால் திக்கென்கிறது. டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ் வீடுகளில் ஒவ்வொரு ஜூன் மாதமும் நடக்கும் கதை இது. உண்மையில் கெடுத்தது எது?

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. டெல்லியைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் ஒரு தண்ணீர் விளையாட்டுப் பூங்கா. காலை பத்தரை மணிக்கே அனல் அடிக்கிறது. கோல் மார்க்கெட்டிலிருந்து வேன் பிடித்து வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று வாசலில் நிற்கிறது. அப்பா, அம்மா, தாத்தா, எட்டாவது படிக்கும் பெண், இரண்டாவது படிக்கும் பையன். பையைச் சோதிக்கும் மேஜையில் மூன்று எவர்சில்வர் டப்பாக்கள் வெளியே வருகின்றன. விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து கிளறிய புளியோதரை, மாங்காய் கலந்த தயிர்சாதம், கொண்டைக்கடலைச் சுண்டல். “பாஹர் கா கானா அந்தர் நஹீ ஜாயேகா” (வெளிச் சாப்பாடு உள்ளே போகாது) என்கிறார் காவலாளி. டப்பாக்கள் வேனுக்கே திரும்புகின்றன.

மதியம் இரண்டரை மணி. உள்ளே சாப்பாட்டுக் கூடத்தில் அதே குடும்பம். சோலே பட்டூரே இரண்டு தட்டு, சீஸ் பீட்சா ஒன்று, பிரெஞ்சு ஃப்ரையும் கோலாவும் சேர்ந்த காம்போ மூன்று. மூன்று மாதமாகக் காபியில் சர்க்கரையை நிறுத்தி, ராத்திரிக்கு ராகிக் கஞ்சியோடு முடித்துக்கொண்டிருந்த அம்மா முதலில் தயங்குகிறார். பட்டூரேயில் பாதி. பிறகு மீதியும். அப்புறம் வரிசையில் நின்று ஒரு குல்ஃபி. “நனைஞ்சாச்சு, இனி முக்காடு எதுக்கு?” என்கிறார் சிரித்துக்கொண்டே. சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் பங்களா சாஹிப் ரோட்டில் வண்டி நிற்கிறது. ராஜ் கச்சோரி, குலாப் ஜாமூன், ரசமலாய். திங்கட்கிழமை காலை மெஷின் இரண்டு கிலோ கூடக் காட்டுகிறது.

அந்த வாரமே ராகிக் கஞ்சி நின்றுபோனது.

இரண்டு கிலோவும் கொழுப்பா?

இல்லை. இதை முதலில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் பல பேர் டயட்டைக் கைவிடுவது இந்த எண்ணைப் பார்த்த அதிர்ச்சியில்தான்.

ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஒரே நாளில் இரண்டு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே 15,000 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். எவ்வளவு பட்டூரே சாப்பிட்டாலும் அது நடக்காது. மெஷின் காட்டிய எடையில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்து உடம்பில் கிளைகோஜனாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஃப்ரை, பீட்சா, சாட் மசாலாவில் இருக்கும் உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்குகிறது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் இது தானாக இறங்கிவிடும்.

அப்படியானால் கவலையே வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறு இடத்தில். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒன்று முதல் மூன்று வாரம் விடுமுறைக்குப் போன 122 பேரைப் போவதற்கு முன்னும், வந்தவுடனும், வந்து ஆறு வாரம் கழித்தும் எடை பார்த்தார்கள். 2016-ல் வெளியான அந்த ஆய்வில் சராசரியாகக் கூடியது வெறும் 300 கிராம் சொச்சம். ஆனால் ஆறு வாரம் கழித்தும் அது இறங்கவில்லை. 2000-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த இன்னொரு ஆய்வு, அங்கே பண்டிகைக் காலத்தில் கூடும் எடையை 370 கிராம் என்று கணக்கிட்டது. அந்த எடையும் பிறகு முழுதாகக் கரையவில்லை. வருடத்துக்கு ஒரு கோடை லீவு, ஒரு தீபாவளி, இரண்டு கல்யாணம் என்று வைத்துக்கொண்டால், நாற்பது வயதில் இடுப்பு பெல்ட்டில் புதுத் துளை போடுவது எப்படி என்பது விளங்கும்.

பூங்காவில் கழித்த ஒரு நாளை நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த மாட்டேன். வீடு திரும்பிய பிறகு வரும் மூன்று நான்கு வாரங்கள்தான் ஆளைச் சாய்க்கின்றன.

முக்காடு போட்டே ஆக வேண்டும்

பூங்காவில் அந்த அம்மா சொன்ன பழமொழிக்குப் பின்னால் ஐம்பது வருட ஆராய்ச்சி இருக்கிறது. 1975-ல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரிப் பெண்களை அழைத்து, சிலருக்கு ஒரு மில்க் ஷேக், சிலருக்கு இரண்டு, சிலருக்கு ஒன்றும் கொடுக்காமல், பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்த்து மார்க் போடச் சொன்னார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். சாப்பாட்டைப் பற்றி அலட்டிக்கொள்ளாத பெண்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகவே தொட்டார்கள். அது இயல்பு. டயட்டில் இருந்தவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். விரதம் முறிந்துவிட்டது என்ற எண்ணம் வந்தவுடன் வயிற்றின் பேச்சு எடுபடவில்லை.

கடுமையான டயட்டில் இருப்பவருக்குத்தான் இந்தச் சறுக்கல் பெரிதாக விழுகிறது. மூன்று மாதம் ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடத் தொடாமல் இருந்தவர் அரை பட்டூரேயை ‘தோல்வி’ என்று கணக்கெழுதுகிறார். அந்தக் கணக்கு தப்பு. அரை பட்டூரே என்பது அரை பட்டூரே மட்டுமே. அடுத்த வேளைக்கு மோர்சாதமும் கீரையும் சாப்பிட்டால் அதோடு சரி. டயட்டீஷியனிடம் போகிறவர்கள் மாத அட்டவணையில் இரண்டு மூன்று ‘வெளியூர் நாள்’களை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. திட்டத்துக்குள்ளேயே இருக்கும் நாள் திட்டத்தை முறிக்காது.

கோல் மார்க்கெட்டின் நாக்கு

லுட்யன்ஸ் காலத்துப் புது டெல்லியின் ஒரு பகுதியாக 1921-ல் எழுந்த வட்டச் சந்தைக் கட்டிடம்தான் கோல் மார்க்கெட். சுற்றிலும் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள். செகரட்டேரியட் வேலைக்காக வந்த மதராஸ் மாகாணத்துக் குமாஸ்தாக்கள் இங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். பக்கத்து மந்திர் மார்கில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. அதே சாலையில் 1939-ல் காந்தி திறந்துவைத்த பிர்லா மந்திர். நடக்கும் தூரத்தில் பங்களா சாஹிப் குருத்வாரா. கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவில் சேர்ந்த கடா பிரசாதம் உள்ளங்கையில் சூடாக விழும்போது யாரும் கலோரி பார்ப்பதில்லை, பார்க்கவும் வேண்டாம். கலேவா, பங்களா ஸ்வீட் ஹவுஸ் போன்ற இனிப்புக் கடைகளில் மாலை வேளையில் நிற்க இடம் கிடைக்காது.

இந்த வட்டாரத்துத் தமிழ் வீடுகளில் சாம்பாரும் சோலேவும் ஒரே அடுப்பில் கொதிக்கும். இரண்டு சமையலின் இனிப்பும் எண்ணெயும் ஒரே உடம்பில் இறங்குகின்றன. சுற்றுலாவும் இரட்டிப்புதான். அரசு ஊழியருக்கான விடுப்புப் பயணச் சலுகையான எல்.டி.சி. கணக்கில் நான்கு ஆண்டுகளுக்கு இரண்டு முறை சொந்த ஊர் போகலாம், அதில் ஒன்றை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போவதாக மாற்றிக்கொள்ளலாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும் குடும்பம், குலதெய்வம், அத்தை வீடு எல்லாம் முடித்து, பிள்ளைகளுக்காக ஒரு நாள் தீம் பார்க். திரும்பி வந்தால் டெல்லியில் லீவு இன்னும் பாக்கி இருக்கும். அங்கேயும் ஒரு பார்க்.

பெட்டிச் செய்தி: அப்பு கர் முதல் வொண்டர்லா வரை

▪ 1955 ஜூலை 17: கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறப்பு. கூட்டம் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். முதல் நாளே சாப்பாடும் குளிர்பானமும் தீர்ந்துபோயின.

▪ 1984 நவம்பர் 19: டெல்லி பிரகதி மைதானத்தில் அப்பு கர். 1982 ஆசிய விளையாட்டின் சின்னமான குட்டி யானை அப்புவின் பெயர். கோல் மார்க்கெட் பிள்ளைகள் இரண்டு தலைமுறையாகக் கொலம்பஸ் ஊஞ்சலில் அலறியது இங்கேதான். 2008 பிப்ரவரியில் மூடப்பட்டது.

▪ தமிழ்நாட்டில் வி.ஜி.பி., எம்.ஜி.எம்., கிஷ்கிந்தா, மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர்.

▪ 2000-ல் கொச்சியில் வீகாலாண்டாகத் தொடங்கிய வொண்டர்லா, 2025 டிசம்பரில் சென்னைக்கு வந்தது.

டப்பா ஏன் உள்ளே போகாது?

இந்தியாவின் பெரிய பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. சினிமா தியேட்டர்கள் சம்பந்தமாக 2023 ஜனவரி 3-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை இங்கே நினைவுபடுத்தலாம். வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டர் உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவை அனுமதிக்க வேண்டும் என்றது. ஜிலேபி சாப்பிட்ட கையைச் சீட்டில் துடைத்தால் யார் சுத்தம் செய்வது என்று விசாரணையின்போது கேட்கப்பட்டது.

சினிமா மூன்று மணி நேரம். தீம் பார்க் எட்டு மணி நேரம். ஒரு வேளை முழுச் சாப்பாடும் இரண்டு சிற்றுண்டியும் அங்கேயே ஆக வேண்டும். சுண்டலை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே ஃப்ரையை மட்டும் வைத்தால், சாப்பிடுகிறவரின் மன உறுதியைப் பற்றிப் பேசுவதில் நியாயமில்லை. இதை அழுத்தியே சொல்கிறேன்.

கலோரி எவ்வளவு என்று பலகையில் எழுத வேண்டிய கட்டாயமும் எல்லாருக்கும் கிடையாது. மத்திய உரிமம் பெற்ற உணவகங்களுக்கும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்களுக்கும்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அந்த விதியை வைத்திருக்கிறது. பூங்கா தானே நடத்தும் ஒற்றைக் கடை பெரும்பாலும் இதில் வராது. வரி விஷயமும் இரண்டு பக்கம் இழுக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் கோலா வகைகளுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதே நாளில் ஐஸ்கிரீம், சாக்லேட், பிஸ்கட்டுக்கு 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது.

‘நாள் முழுக்க நடக்கிறோமே’ என்பது பலரும் சொல்லும் சமாதானம். சுமாரான உடல்வாகு உள்ளவர் பத்து கிலோமீட்டர் நடந்தால் செலவாவது 500, 600 கலோரி. ஒரு தட்டு சோலே பட்டூரேயும் ஒரு கோலாவும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். நடந்தது வீண் இல்லை. சாப்பிட்டபின் நடப்பது ரத்தச் சர்க்கரையின் உச்சத்தைக் குறைக்கும். ஆனால் நடையை வைத்துக்கொண்டு இன்னொரு தட்டு வாங்கக் கணக்குப் போட முடியாது.

பெட்டிச் செய்தி: எண்கள் சொல்வது

▪ ஐ.சி.எம்.ஆர்.-‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வு (2023): இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். டெல்லியில் 17.8 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். ஆய்வை வழிநடத்தியது சென்னை மெட்ராஸ் டயபெடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன்.

▪ சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் (சுமார் 25 கிராம்) என்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார அமைப்பு. 300 மில்லி கோலாவில் மட்டும் சுமார் 32 கிராம்.

▪ நமக்கு உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். இடுப்பளவின் எல்லை ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ.

▪ 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் சர்க்கரையின் அளவையும் ஆபத்தையும் விளக்கும் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொன்னது.

தாத்தாவின் மாத்திரை

எடை ஏறுவது மெதுவான சங்கதி. அன்றைக்கே ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகக்கூடிய ஆபத்து சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு உண்டு.

காலை ஏழு மணிக்குக் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டு இட்லியோடு கிளம்புகிறார் தாத்தா. பத்தரைக்கு உள்ளே. ஒவ்வொரு வரிசையும் அரை மணி, முக்கால் மணி. பேரன் இறங்கும்வரை நிற்கிறார். சாப்பாடு இரண்டரைக்குத்தான். இந்த இடைவெளியில் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடலாம். வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், கண் இருட்டுவது எல்லாம் வரும். ஆனால் மே மாத வெயிலில் எல்லாருக்குமே வியர்க்கிறது. ‘வெயில் ஒத்துக்கலை, நிழல்ல உக்காருங்கோ’ என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். இப்படி நிழலில் உட்கார்ந்தவர் மயங்கிச் சாயும்வரை யாருக்கும் சந்தேகம் வராது. இதுதான் பயம்.

மாத்திரை, குளுக்கோஸ், பழம் எல்லாம் மருத்துவத் தேவை. டாக்டர் சீட்டை மேலே வைத்து வாசலிலேயே அழுத்திக் கேட்க வேண்டும். அறிகுறி தெரிந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரை, அதாவது 15 கிராம். கால் மணி நேரம் கழித்து மறுபடி பரிசோதனை. அன்றைய மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று முந்தின வாரமே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், தாமாகக் குறைக்கக் கூடாது.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் 30 டிகிரிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். 2024 மே 29-ல் டெல்லி சஃப்தர்ஜங்கில் 46.8 டிகிரி அடித்தது. அப்படியொரு நாளில் பூட்டிய காருக்குள் வைத்த பேனா வீணாகிவிடும், பார்த்தால் தெரியாது. ஈரத் துணியில் சுற்றி நிழலில் வைத்தால்கூடத் தேவலை. தண்ணீரில் நனைத்துக் குளிரவைக்கும் பைகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன.

பாதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீர்ப் பூங்காவில் பல இடங்களில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மதிய வெயிலில் சிமென்ட் தரையின் சூடு 50 டிகிரியைத் தாண்டும். நமக்குச் சுட்டால் குதித்து ஓடுவோம். பத்துப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை உள்ளவருக்கு நரம்பு மரத்திருந்தால் சுடுவது தெரியாது. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றும்போதுதான் கொப்புளம் தெரியும். அந்தக் கொப்புளம் ஆறாத புண்ணாகி, விரலை எடுக்கும் அளவுக்குப் போவதும் உண்டு. பெரியவருக்குத் தண்ணீர்ச் செருப்பு ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள், போடக் கூடாது என்றால் அவரைத் தரையில் இறக்காதீர்கள்.

தாகத்துக்குக் கோலா கொடுப்பதும் நல்லதில்லை. உலக சுகாதார அமைப்பின் ஓ.ஆர்.எஸ்.ஸில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். இதைவிடப் பல மடங்கு சர்க்கரை சேர்த்த டெட்ரா பேக் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு வருடக்கணக்கில் விற்றன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு ஆண்டு போராடிய பிறகு, 2025 அக்டோபரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. உண்மையான ஓ.ஆர்.எஸ். பவுடர் பாக்கெட்டை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். உப்பு போட்ட நீர்மோர் கிடைத்தால் அதுவும் நல்லது.

பிள்ளைகள் தட்டில் கை வைக்காதீர்கள்

‘ஒண்ணு போதும், குண்டாயிடுவே’ என்று எட்டாவது படிக்கும் பெண்ணிடம் எல்லார் முன்னாலும் சொல்கிற அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். நனைந்த உடையில் ஏற்கெனவே கூச்சத்தோடு நிற்கும் பெண் அவள். அந்த ஒரு வார்த்தை எந்த ஐஸ்கிரீமை விடவும் அதிகமாகக் கெடுக்கும்.

1999-ல் ஜெனிஃபர் ஃபிஷர், லீன் பர்ச் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கண்ணெதிரே வைத்துவிட்டுத் தொடாதே என்று தடுத்த தின்பண்டத்தின் மேல்தான் குழந்தைகளின் கண்ணும் பேச்சும் நின்றன. கிடைத்தபோது அதைத்தான் எடுத்தார்கள். பூங்காவுக்குப் போகிற முதல் நாளே பிள்ளையோடு உட்கார்ந்து பேசிவிடலாம். ‘நாளைக்கு இரண்டு ஸ்பெஷல். எது வேண்டும், எப்போது வேண்டும், நீயே முடிவு பண்ணு.’ ஐஸ்கிரீமா, பஞ்சு மிட்டாயா என்று யோசித்து யோசித்து எடுக்கும் பிள்ளை அதை ரசித்துச் சாப்பிடும். பெரியவர்களுக்கும் இதே வழி செல்லும்.

திங்கட்கிழமை என்ன சமையல்?

மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள். ஹெர்மன், மேக் ஆய்வில் சறுக்கிய அதே நிலைக்கு அது மறுபடி கொண்டுபோகும். இட்லி, சாம்பார், ஒரு கூட்டு, மோர். வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு. மெஷினில் ஒரு வாரம் ஏற வேண்டாம். தால்கட்டோரா தோட்டத்தில் காலை நடை போகிறவர்கள் திங்கட்கிழமையே போய்விட வேண்டும். ‘முதல் தேதியிலிருந்து’ என்று தள்ளினால் அந்த 300 கிராம் அங்கேயே குடியேறும்.

பார்க்கிலிருந்து கூடவே வீட்டுக்கு வரும் மீதிகளும் உண்டு. பாதி காலியான சிப்ஸ் பாக்கெட், அத்தை கட்டிக்கொடுத்த திருநெல்வேலி அல்வா, மணப்பாறை முறுக்கு. இதை ஒரு மாதம் ஃபிரிட்ஜிலும் அலமாரியிலும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதுதான் விடுமுறையை நீட்டிவிடுகிறது. அல்வாவை அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கெல்லாம் அன்றைக்கே பங்கு போட்டுவிடுங்கள்.

பூங்காக்களிடம் கேட்க வேண்டியது

இதுவரை சொன்னதெல்லாம் குடும்பங்கள் செய்ய வேண்டியது. பூங்காக்காரர்களுக்கும் பொறுப்பு உண்டு, அதற்கு முன்னுதாரணமும் உண்டு. டிஸ்னி 2006-ல் தன் பூங்காக்களில் குழந்தைகள் சாப்பாட்டோடு வழக்கமாக வரும் ஃப்ரையையும் கோலாவையும் மாற்றி, பழமோ காய்கறியோ, கொழுப்பு குறைந்த பாலோ தானாக வரும்படி செய்தது. ஃப்ரை வேண்டும் என்றால் கேட்டு வாங்கலாம், தடை இல்லை. 2016-ல் வெளியான ஆய்வுப்படி, ஏறக்குறைய பாதிப் பேர் அந்தப் பழத்தையும் காய்கறியையும், மூன்றில் இரண்டு பங்குப் பேர் அந்தப் பானத்தையும் மாற்றாமல் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். குழந்தைகள் சாப்பாட்டில் கலோரி 21 சதவீதம் குறைந்தது, கொழுப்பும் உப்பும் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தன.

நம் பூங்காக்களில் இதைச் செய்ய வெளிநாட்டு நிபுணர் வேண்டாம். காம்போவில் கோலா இருக்கும் இடத்தில் நீர்மோர், ஃப்ரை இருக்கும் இடத்தில் சுண்டலோ வேகவைத்த சோளமோ. ஒவ்வொரு பெரிய ரைடு பக்கத்திலும் குளிர்ந்த குடிநீர்க் குழாய். சர்க்கரை உள்ளவருக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டர் சீட்டைக் காட்டினால் வீட்டுச் சாப்பாட்டுக்கு அனுமதி என்று டிக்கெட்டிலேயே அச்சடிக்கலாம். பள்ளிகளும் குடியிருப்புச் சங்கங்களும் மொத்தமாக டிக்கெட் பதிவு செய்கின்றன. நூறு டிக்கெட் எடுக்கிறவர் பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். கோல் மார்க்கெட் வட்டாரத்துச் சங்கங்கள் அடுத்த மே மாதப் பயணத்துக்கு ஏப்ரலிலேயே இந்தக் கடிதத்தை அனுப்பட்டும்.